இரண்டு மருந்தும் வேலை செய்யும் என்றால் சேர்த்தே கொடுத்துவிடலாமே?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு நாக்கில் வந்த புற்றுநோய். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒரு வருடத்துக்குள் கழுத்திலும் நுரையீரலிலும் திரும்ப வந்திருக்கிறது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள இம்யூனோதெரபி மருந்தோடு (உடலின் நோய் எதிர்ப்புச் செல்களைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து) இன்னொரு புது மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் ட்ரையலில் சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். சேர்ந்தால் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இரண்டு மருந்தும், மீதிப் பேருக்கு பழைய மருந்து மட்டும். "இரண்டுமே வேலை செய்யும் மருந்து என்றால் எல்லாருக்கும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டியதுதானே, எங்க அப்பா என்ன சோதனை எலியா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கிற கேள்வி, இரண்டாவது மருந்து அப்பாவுக்கு எதையாவது கொடுக்குமா, இல்லை இருப்பதையும் எடுத்துக்கொள்ளுமா என்பதுதான் என்று நினைக்கிறேன்.

நான் பல வருடங்களாகத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மருந்து சிகிச்சை கொடுப்பவன். இந்த மாதிரி ட்ரையல்களில் நோயாளிகளைச் சேர்த்திருக்கிறேன். சேர வேண்டாம் என்று சிலரைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். அப்பாவின் ரிப்போர்ட் எதையும் நான் பார்க்கவில்லை. அதனால் சேருங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் "சேர்த்தால் நல்லதுதானே" என்ற எண்ணத்தை மட்டும் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். இந்த நோயில் அந்த எண்ணம் பலமுறை தோற்றிருக்கிறது.

முதலில் அது ஜெயித்த கதை. திரும்ப வந்த அல்லது பரவிவிட்ட தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வெகுகாலம் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு 5-எஃப்யூ சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். 2008-ல் வெளிவந்த எக்ஸ்ட்ரீம் ஆய்வில் 442 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அந்தக் கீமோவோடு செடுக்ஸிமேப் என்ற ஆன்டிபாடியையும் (ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மருந்து) சேர்த்தார்கள். இடைநிலை ஆயுள் 7.4 மாதத்திலிருந்து 10.1 மாதமாக உயர்ந்தது. (இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் அதிகமாகவும் வாழ்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்பாவுக்கு நாள் குறிப்பதாக இந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.) மூன்று மாதம் கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அந்த அளவுகூட யாரும் நகர்த்தியிருக்கவில்லை.

அதே செடுக்ஸிமேப் இன்னொரு இடத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். இன்னும் பரவாத, ஆனால் பெரிதாகிவிட்ட கட்டிகளுக்கு ரேடியேஷனோடு செடுக்ஸிமேப் கொடுத்தபோது, ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களைவிட ஆயுள் கூடியது, 29.3 மாதம் 49 மாதமானது. 2006-ல் வந்த முடிவு இது. ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் சேர்த்தால் பலன் உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். அப்படியானால் மூன்றையும் சேர்த்தால் பிரமாதமாக இருக்க வேண்டுமே? ஆர்டிஓஜி 0522 என்ற ஆய்வில் சுமார் 900 பேரிடம் அதைத்தான் பார்த்தார்கள். ஆயுளும் கூடவில்லை, நோய் திரும்புவதும் குறையவில்லை. தோலும் வாயும் அதிகமாக வெந்தன. ரேடியேஷனை இடையில் நிறுத்த வேண்டி வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 27 சதவீதமானார்கள். தனித்தனியே தங்களை நிரூபித்த இரண்டு மருந்துகள் இவை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை.

பிறகு இம்யூனோதெரபி வந்தது. 2016-ல் செக்மேட்-141 ஆய்வு. பிளாட்டினம் மருந்து (சிஸ்பிளாட்டின் போன்றவை) கைவிட்ட 361 பேரில் நிவோலுமேப் என்ற இம்யூனோதெரபி மருந்தைப் பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஒரு வருடம் கடந்தார்கள். வழக்கமான மருந்து பெற்றவர்களில் 16.6 சதவீதம்தான். 2019-ல் 882 பேர் கொண்ட கீநோட்-048. பெம்ப்ரோலிசுமேப் (சுருக்கமாக பெம்ப்ரோ, இதுவும் இம்யூனோதெரபிதான்) தனியாக ஒரு பிரிவு, அதோடு கீமோ சேர்த்து ஒரு பிரிவு, பழைய எக்ஸ்ட்ரீம் சிகிச்சை, அதாவது கீமோவோடு செடுக்ஸிமேப், மூன்றாவது. இன்றைக்கு அப்பாவைப் போன்றவர்களுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்பதை அந்த ஆய்வுதான் தீர்மானிக்கிறது. அதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். பெம்ப்ரோவோடு கீமோ பெற்றவர்களில் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 36 சதவீதம் பேருக்கு. எக்ஸ்ட்ரீம் பிரிவிலும் அதே 36 சதவீதம்தான். ஆனால் ஆயுள் 13 மாதம், 10.7 மாதம் என்று விலகி நின்றது. சுருங்கியவர்களின் எண்ணிக்கை ஒன்றே. சுருங்கியது எவ்வளவு காலம் அப்படியே நின்றது என்பதில்தான் வேறுபாடு.

இதற்கு நேர் எதிரான கதை லீப்-010. பெம்ப்ரோவோடு லென்வாடினிப் என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். புற்றுக்கட்டிக்கு இரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் மாத்திரை அது. மற்ற சில புற்றுநோய்களில் இதே ஜோடி ஜெயித்திருந்ததால் எல்லாருக்கும் நம்பிக்கை. கட்டி சுருங்கியவர்கள் 25 சதவீதத்திலிருந்து 46 சதவீதமானார்கள். நோய் முன்னேறாமல் நின்ற காலம் 2.8 மாதத்திலிருந்து 6.2 மாதமானது. இதுவரை கேட்டால் யாரும் "உடனே கொடுங்கள்" என்பார்கள். ஆயுள் கணக்கு வந்தபோது மாத்திரை சேர்த்தவர்களுக்கு 15 மாதம், சேர்க்காதவர்களுக்கு 17.9 மாதம். அந்த வித்தியாசத்தை வைத்து மாத்திரை ஆயுளைக் குறைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கூட்டவில்லை என்று சொல்லலாம். 2023-ல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ஒப்பிட ஒரு பிரிவு இல்லாமல் எல்லாருக்கும் இரண்டையும் கொடுத்திருந்தால், 46 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து நாங்கள் இன்றுவரை அந்த மாத்திரையை எழுதிக்கொண்டிருப்போம். பாதிப் பேருக்கு ஏன் ஒன்று மட்டும் என்று கேட்டீர்களே, அதற்காகத்தான்.

தோற்றுப்போன மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நிவோலுமேப்போடு இபிலிமுமேப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்த செக்மேட்-651, 947 பேர்: எக்ஸ்ட்ரீம் சிகிச்சைக்கு ஆயுள் 13.5 மாதம், இந்த ஜோடிக்கு 13.9. அதே வகையைச் சேர்ந்த டுர்வாலுமேப்போடு ட்ரெமெலிமுமேப் சேர்த்த கெஸ்ட்ரல், ஈகிள் இரண்டும் தோற்றன. செடுக்ஸிமேப்போடு மோனாலிசுமேப் சேர்த்த இன்டர்லிங்க்-1 ஆய்வைப் பலன் வர வாய்ப்பில்லை என்று 2022-ல் பாதியில் மூடினார்கள். இவற்றில் பல, சிறிய ஆய்வுகளில் நல்ல நம்பிக்கை காட்டிவிட்டுத்தான் வந்தவை.

ஏன் இப்படி நடக்கிறது? உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். கணக்கு உறுதியானது. நூறு பேரில் முதல் மருந்து 20 பேருக்கு வேலை செய்கிறது, இரண்டாவதும் 20 பேருக்கு. இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை என்றால் சேர்த்துக் கொடுக்கும்போது 36 பேருக்குப் பலன் கிடைக்க வேண்டும். நான்கு பேர் இரண்டு கணக்கிலும் வருவார்கள். இந்தக் கணக்கை 1939-ல் பிளிஸ் என்பவர் எழுதிவைத்தார். பூச்சிக்கொல்லிகளைச் சேர்த்துத் தெளிப்பதைப் பற்றி யோசித்த மனிதர் அவர். புற்றுநோய் மருந்துக் கூட்டங்களில் இன்றும் அவர் பெயர் அடிபடுகிறது. இப்போது 36 பேருக்குப் பலன் என்று ஒரு ஆய்வு வந்தால் "இரண்டும் கூட்டாக வேலை செய்கின்றன" என்று விளம்பரமாகும். அங்கே எந்தக் கூட்டும் இல்லை. அந்த நான்கு பேரைத் தவிர, பலன் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு மருந்துதான் வேலை செய்தது. எது என்று தெரியாததால் இரண்டையும் கொடுத்தோம். பால்மர், சோர்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் பழைய ஆய்வுகளின் எண்களை மறுபடி எடுத்துப் பார்த்து, வெற்றிபெற்ற பல ஜோடிகளின் பலனை இந்த எளிய கணக்கே விளக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் ஒன்றை முதலில் கொடுத்து, அது கைவிட்டபின் மற்றதைக் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன், பக்கவிளைவு குறைவு என்ற கேள்வி எழும். அதற்கும் பொதுவான விடை கிடையாது. வேகமாக வளரும் நோயில் இரண்டாவது மருந்துக்குக் காத்திருக்க அவகாசம் இருக்காது.

ஊகம் எது என்றால், மருந்துகள் ஒன்றையொன்று தடுக்கின்றனவா என்பது. கீமோ, நோய் எதிர்ப்புச் செல்களையும் அடித்துவிடுகிறது என்று ஒரு கட்சி. இல்லை, இறக்கும் புற்றுச் செல்களே அந்த எதிர்ப்பைத் தூண்டிவிடுகின்றன என்று இன்னொரு கட்சி. எலியில் இரண்டுக்கும் ஆதாரம் காட்டுவார்கள். மனிதரில் இந்த நோயில் எது எவ்வளவு உண்மை என்று தீர்த்துவைத்த ஆய்வு இன்னும் இல்லை. கீநோட்-048 கூட பெம்ப்ரோ தனியாகவா, கீமோவோடா என்று இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட அமைக்கப்பட்டதல்ல. இரண்டையும் எக்ஸ்ட்ரீமோடுதான் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் நாங்கள் எடுக்கும் முக்கியமான முடிவு, அந்த இடைவெளியில் அனுபவத்தை வைத்து எடுப்பதுதான்.

இந்த நோய்க்கே உரிய சில சங்கடங்களும் உண்டு. கட்டி சுருங்கியது என்று ட்ரையலில் சொல்லும்போது, சிடி ஸ்கேனில் கட்டிகளின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் மட்டுமே சுருக்கம் என்று பதிவார்கள். 20 சதவீதம் கூடினால் நோய் வளர்ந்துவிட்டதாகப் பதிவார்கள். நுரையீரலில் இது எளிது, கறுப்புப் பின்னணியில் வெள்ளை உருண்டை. ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து சதை எடுத்துத் தைத்து, மேலே ரேடியேஷனும் கொடுத்த கழுத்தில் எது தழும்பு, எது வீக்கம், எது கட்டி என்று இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். 22 மில்லிமீட்டர் என்பவரும் 29 என்பவரும் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் யார் எந்த மருந்தில் இருக்கிறார் என்று தெரியாத வெளி நிபுணர்கள் பல ஆய்வுகளில் தனியாக அளக்கிறார்கள். ஆயுளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பக்கவிளைவும் இங்கே வேறு மாதிரி. வேறொரு புற்றுநோயாளிக்கு வாய்ப்புண் வந்தால் ஒரு வாரம் கஞ்சி குடிப்பார். ஏற்கெனவே பாதி நாக்கு இல்லாதவருக்கு, எச்சில் வற்றிப்போனவருக்கு அதே வாய்ப்புண் வந்தால் வயிற்று டியூப் போட வேண்டிவரலாம். அல்லது உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாகலாம். இரண்டு கிலோ எடை இறங்கினால் மருந்தின் அளவைக் குறைக்கிறோம், அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுகிறோம். கடைசியில் பலன் தரும் மருந்தையும் முழுதாகக் கொடுக்க முடியாமல் போகிறது. சேர்க்கைகள் தோற்பதற்கு இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு. இரத்தக்கசிவு இன்னொன்று. ரேடியேஷன் பெற்ற கழுத்தில் பெரிய இரத்தக் குழாயை ஒட்டிக் கட்டி இருந்தால், இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளிடம் எனக்கு எப்போதும் பயம் உண்டு. கீமோவோடு அந்த வகையைச் சேர்ந்த பெவாசிசுமேப் சேர்த்த இ1305 ஆய்வில் 403 பேர் இருந்தார்கள். கட்டி சுருங்கியவர்கள் கூடினார்கள், ஆயுள் நிச்சயமாகக் கூடியதாகக் காட்ட முடியவில்லை. கடுமையான இரத்தக்கசிவு 0.5 சதவீதத்திலிருந்து 6.7 சதவீதமானது. அப்பாவுக்குச் சேர்க்கப்போகும் புது மருந்து இந்த வகையா என்று கட்டாயம் கேளுங்கள்.

சிறிய ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். செவினாபன்ட் என்ற மருந்தை, பெரிதாகிவிட்ட கட்டிகளுக்கு சிஸ்பிளாட்டின், ரேடியேஷனோடு சேர்த்து 96 பேரிடம் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் ஒழுங்காக நடந்த ஆய்வுதான். 18 மாதத்தில் கட்டி கட்டுக்குள் இருந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 54 சதவீதமானார்கள். மருத்துவ மாநாடுகளில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 700-க்கும் மேற்பட்டவர்களிடம் திரும்பப் பார்த்தபோது பலன் காணாமல் போனது, 2024-ல் நிறுத்தினார்கள். இப்போது பரபரப்பாக இருப்பது ஈஜிஎஃப்ஆர் (புற்றுச் செல் வளரத் தூண்டும் ஒரு புரதம்) என்ற இலக்கோடு இன்னொரு இலக்கையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் இரட்டை ஆன்டிபாடிகள். அவற்றில் பெட்டோசெம்டமேப் என்பதைப் பெம்ப்ரோவோடு கொடுத்ததில், கணக்கிட முடிந்த 43 பேரில் 63 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியதாக 2025-ல் சொன்னார்கள். நானும் ஆர்வமாகத்தான் பார்க்கிறேன். ஆனால் 43 பேர், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லை. அப்பாவுக்குச் சொல்லப்பட்ட மருந்து இந்த வகை என்றால், டாக்டர் உற்சாகமாகப் பேசியிருப்பார். அதில் தப்பில்லை, லீப்-010-இலும் உற்சாகமாகத்தான் இருந்தோம்.

சேர்க்கை என்றாலே விலை உயர்ந்த புது மருந்து என்று நினைக்க வேண்டியதில்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனைக் குழு, மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் என்ற இரண்டு பழைய மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்து, சிஸ்பிளாட்டின் ஊசியோடு 422 பேரிடம் ஒப்பிட்டது. 2020-ல் வந்த முடிவு: மாத்திரைக்கு இடைநிலை ஆயுள் 7.5 மாதம், ஊசிக்கு 6.1. பிறகு எர்லோடினிப்பையும் சேர்த்த மூன்று மாத்திரைகளோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமேப் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். 151 பேரில் ஒரு வருடம் கடந்தவர்கள், மாத்திரை மட்டும் பெற்ற பிரிவில் 16.3 சதவீதம், நிவோலுமேப்பும் பெற்ற பிரிவில் 43.4 சதவீதம். கடுமையான பக்கவிளைவு கூடவில்லை. சிறிய அளவே முழு அளவுக்குச் சமம் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது, அந்த ஒப்பீட்டை அவர்கள் செய்யவில்லை. முழு அளவு எட்டாத இடத்தில், அந்த மருந்து கொஞ்சம்கூட இல்லாமலிருப்பதைவிட இது தெளிவாக மேல் என்று சொல்லலாம். இந்தத் துறையில் சமீப வருடங்களில் நான் மருந்து எழுதும் விதத்தை மாற்றிய ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

சோதனை எலி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நியாயமான மூன்றாம் கட்ட ஆய்வில், அதாவது புது சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு நிறைய பேரிடம் ஒப்பிடும் ஆய்வில், "ஒன்று மட்டும்" பெறும் பிரிவுக்குக் கிடைப்பது, ட்ரையலுக்கு வெளியே இருந்தால் கிடைக்கக்கூடிய சிறந்த சிகிச்சையாக இருக்க வேண்டும். ஆய்வை நடத்துபவர்களோடு தொடர்பில்லாத ஒரு கண்காணிப்புக் குழு இடையிடையே எண்களைப் பார்த்து, ஒரு பக்கம் ஆபத்து தெரிந்தால் நிறுத்தச் சொல்லும். அப்பா எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். முதல் கட்ட ஆய்வு என்றால் கதை வேறு. அங்கே கேள்வியே எவ்வளவு அளவு தாங்கும் என்பதுதான்; சிலருக்குப் பலன் கிடைக்கும், ஆனால் அது அந்த ஆய்வின் முதல் நோக்கம் அல்ல. டாக்டர் சொன்னது எந்தக் கட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. குலுக்கல் இருப்பதால் முதல் கட்டம் இல்லை என்று ஊகிக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, பயாப்ஸியில் பிடி-எல்1 பரிசோதனையின் சிபிஎஸ் எண். புற்றுச் செல்லிலும் அதைச் சுற்றியுள்ள எதிர்ப்புச் செல்களிலும் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு அது. 20-க்கு மேல் என்றால் பெம்ப்ரோ தனியாகவே நல்ல தேர்வு. கீநோட்-048-இல் அவர்களில் பலன் கண்டவர்களுக்கு அந்தப் பலன் இடைநிலையாக 20.9 மாதம் நின்றது, எக்ஸ்ட்ரீமில் 4.2 மாதம். 1-க்குக் கீழே என்றால் பெம்ப்ரோ மட்டும் பெறும் பிரிவில் விழும் வாய்ப்புள்ள ட்ரையலில் அப்பாவைச் சேர்க்க நான் தயங்குவேன். இரண்டாவது, கட்டி வளரும் வேகம். பெம்ப்ரோ தனியாக வேலை செய்ய ஆரம்பிக்க நேரம் எடுக்கும். கீநோட்-048-இன் ஆயுள் வரைபடத்தில் முதல் சில மாதங்களில் எக்ஸ்ட்ரீம் பெற்றவர்களின் கோடுதான் மேலே இருந்தது. கழுத்துக் கட்டி வாரத்துக்கு வாரம் பெரிதாகிறது, மூச்சுக்கோ விழுங்கவோ இடைஞ்சல் என்றால், ட்ரையலுக்கான ஸ்கேன், புது பயாப்ஸி, குலுக்கல் என்று மூன்று நான்கு வாரம் காத்திருக்கிற அவகாசம் அப்பாவுக்கு இருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அவகாசமில்லை என்றால் பெம்ப்ரோவோடு கீமோவை உடனே ஆரம்பிக்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். அவகாசம் இருந்து, சிபிஎஸ் எண்ணும் ஒத்துவந்தால், ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவும் உடனிருக்கப் படித்துப் பாருங்கள். நோய் முன்னேறினால் அடுத்து என்ன சிகிச்சை, பக்கவிளைவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவு யாருடையது என்ற இரண்டு பகுதிகளையும் முதலில் தேடுங்கள்.